கார்பன் தாள்

அன்புள்ள நன்கொடையாளர்களே
என்று எழுதி மூன்று தடவை அடித்துவிட்டேன்.
ஆடிட்டர் நாளை பத்தரைக்கு வருகிறார்.
ஆலயத்தின் பின்னறையில்
மின்விசிறி ஒரு பக்கமாய் இழுத்துச் சுற்றுகிறது.
டிசம்பரில் தண்ணீர் ஏறிய கோடு
பீரோவின் இரண்டாம் தட்டில் இன்னும் இருக்கிறது.

வரவு: பதினோரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.
செலவு: அதைவிட இருநூற்றுப் பன்னிரண்டு கூட.
அந்த இருநூற்றுப் பன்னிரண்டு
எபனேசர் ஐயாவின் சட்டைப்பையிலிருந்து.
எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

போர்வை அறுநூற்று நாற்பது.
அரிசி, ஐந்து கிலோ பையாக, ஆயிரத்து நூறு.
பயனாளிகள் என்றொரு கட்டம், எண்ணை மட்டும் போட.
போட்டாயிற்று.
ஆனால் கன்னிகாபுரத்தில்
முழங்கால் தண்ணீரில் நின்று போர்வை வாங்கியவள்
"போட்டோ மட்டும் வேணாம் சிஸ்டர்" என்றாள்.
நான் சிஸ்டர் இல்லை, கணக்கெழுதுகிறவள்.
ஏழாம் பக்கத்துக் காலிக் கட்டம்
அச்சுப் பிழை அல்ல.
அவள்தான் அது.

படகு வாடகை: இல்லை.
டீசல்: ஆயிரத்து எழுநூறு.
காசிமேட்டிலிருந்து டெம்போவில் ஏற்றிவந்த ஃபைபர் படகை
கணேசபுரம் சுரங்கப்பாதை வாயில் இறக்கினார்கள்
கஸ்பாரும் தேசப்பனும்.
இரண்டு நாளில் முப்பத்தொன்பது பேர்,
ஒரு தையல் மெஷின்,
நாய் எத்தனை என்று எண்ணவில்லை.
வாடகையைக் கேட்டதற்கு
"கடலாண்ட கேட்டுச் சொல்றோம்" என்றான் தேசப்பன்.
பொருளாகப் பெற்றவை என்ற தலைப்பில் இதைச் சேர்க்கலாமா
நாளை கேட்க வேண்டும்.

அந்தப் படகில் படுத்தபடி வந்தவர் ஞானசிகாமணி.
அயனாவரத்தில் வாரம் இரண்டு டயாலிசிஸ்,
உங்கள் பணத்தில்.
ஜனவரி வரை கணக்கு ஒழுங்காக வருகிறது.
பிப்ரவரியில் அவர் பெயருக்கு எதிரே
நாலாயிரத்து அறுநூறு மீதி.
நாங்கள் ஜெபித்தோம், அதையும் சொல்ல வேண்டும்.
மூலக்கடை லாரன்ஸ் பெட்டிக்குக் கூலி எடுக்கவில்லை,
பலகைக்கும் ஆணிக்கும் மட்டும்.
இதர செலவு என்று நீங்கள் படிக்கப்போவது
அதைத்தான்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரியும் எனக்கு.
மஸ்கட்டிலிருந்து மாதம் தவறாதவர்
வேலை போன மாதம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்,
ஏதோ எங்களுக்குக் கடன்பட்டவர் போல.
அண்ணா நகர் டாக்டர் அனுப்பிய பழைய சட்டையில்
ஐந்நூறு ரூபாய் மறந்திருந்தது.
திருப்பிக் கொண்டுபோனோம்.
இன்னொரு ஐந்நூறைச் சேர்த்து நீட்டினார்.
ஜமாலியா பிரியாணிக் கடை மஸ்தான் பாய்
ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒரு மூட்டை இறக்கினார்,
ரசீது எழுதி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாதாம்.
என் வேலையில் அது நடக்காது.
வலக்கை ரசீது எழுத
இடக்கைதான் தாளை அமுக்கிப் பிடிக்கிறது.
வருஷம் முழுக்க அதன் விரல்களில் கார்பன் நீலம்.
வெளியே போனால் முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன்.
திருவிருந்தில் மட்டும் முடியாது,
வலக்கைக்குக் கீழே அதையும் ஏந்தியாக வேண்டும்.
ஆயர் ஒருமுறை பார்த்தார்.
அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

இன்னும் ஒருவர்.
மாதத்தின் முதல் ஞாயிறு, காணிக்கைப் பையில்,
கழுவிக் காயவைத்து மடித்த பால் கவர்.
நூற்று முப்பது ரூபாய், பத்தும் ஐந்துமாய்.
கூடவே, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
"தண்ணி பூந்த வூட்டுக்கு".
பெயர் கிடையாது.
டிசம்பரில் வரவில்லை.
ஜனவரியில் இரண்டு கவர்,
ஒன்றின் மடிப்பில் சேறு.

பன்னிரண்டு ரசீதும் எழுதி வைத்திருக்கிறேன்.
கிழித்துக் கொடுக்காததை ரத்து செய்யச் சொல்வார் ஆடிட்டர்.
செய்யப்போவதில்லை.

நன்றி என்று முடிக்க வேண்டிய இடம் இது.
நன்றி.
பால் கவர்காரர் இதைப் படிக்க நேர்ந்தால்,
செவ்வாயும் வெள்ளியும்
மாலை நாலிலிருந்து ஆறு வரை அறை திறந்திருக்கும்.
பெயர் சொல்ல வேண்டாம்.
நூற்று முப்பது என்றால் போதும்.

வ. எஸ்தர் ஜெயசீலி,
கணக்கு.